ஸ்போர்ட்ஸ் கார் சக்கரங்களுக்கு சென்டர் கேப் மாற்றுவோர் கவனத்திற்கு: சேலத்தில் எனக்கு நேர்ந்தது

சேலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் அலாய் வீல் பொருத்திய கார் வைத்திருப்பவர்கள், சக்கரத்தின் நடுவில் உள்ள சென்டர் கேப்பை வெளிக்கடைகளில் மாற்றுவதற்கு முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தப் பிளாஸ்டிக் மூடியில் என்ன பெரிதாக ஏமாற்றிவிட முடியும் என்று தோன்றலாம். ஒரிஜினல் என்று சொல்லிப் பணம் வாங்கி, அளவு பொருந்தாத மூடியைப் பசை போட்டு ஒட்டி, சக்கரத்தின் பூச்சையும் கெடுத்து, ஏற்காடு மலைப்பாதையில் பின்னால் வந்த ஒருவரின் உயிருக்கே ஆபத்தை உண்டாக்கும் அளவுக்கு என் விஷயத்தில் செய்திருக்கிறார்கள்.

என்னுடையது பழைய பி.எம்.டபிள்யூ இசட்4, 2009 முதல் 2016 வரை தயாரான இ89 வகை. சேலத்து வெயிலாலும், வாட்டர் வாஷ் செய்யும் இடங்களில் தெளிக்கப்படும் காரமான வீல் கிளீனராலும் கேப்புகளின் மேற்பூச்சு கொப்பளித்து உரிந்திருந்தது. ஒரு சக்கரத்தில் கேப்பே இல்லை. வீல் பேலன்சிங் செய்யும்போது இயந்திரத்தின் தண்டு சக்கரத்தின் நடுத்துளை வழியாகச் செல்ல வேண்டியிருப்பதால் பெரும்பாலும் கேப்பைக் கழற்றிவிடுவார்கள். அப்படிக் கழற்றிய இடத்திலேயே அது தொலைந்துபோயிற்று. நகருக்குள் உள்ள ஒரு கார் ஆக்சஸரீஸ் கடையில் விசாரித்தபோது, "கம்பெனி ஒரிஜினல்" என்று அடித்துச் சொல்லி, ஒன்றுக்கு 2,500 ரூபாய் வீதம் நான்குக்கும் 10,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். வண்டியை விட்டுவிட்டுப் போய் மாலையில் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மாலையில் கேப்புகள் பளபளவென்றுதான் இருந்தன. பில்லில் "வீல் கேப் 4" என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை.

அடுத்து ஏற்காடு சென்று திரும்பும்போதுதான் உண்மை வெளிப்பட்டது. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி அடிவாரத்தில் வண்டியை நிறுத்தியபோது, பின்னால் பைக்கில் வந்த இளைஞர் ஒருவர் ஒரு கேப்பை என்னிடம் நீட்டினார். "அண்ணா, வளைவுல உங்க வீல்ல இருந்து தெறிச்சு நேரா என் முன் டயருக்கு உருண்டு வந்துச்சு, பிரேக் புடிச்சதுல விழப் பார்த்தேன்" என்றார். ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமாக இருக்கும் அந்தச் சாலையில் அவர் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்கு நடுங்குகிறது.

அந்தக் கேப்பைத் திருப்பிப் பார்த்தேன். என் வண்டியின் சக்கரத்துக்கு வேண்டியது 68 மில்லிமீட்டர் கேப். கையில் இருந்ததோ வெர்னியர் அளவுகோலில் 65 மில்லிமீட்டர்தான் காட்டியது. அதன் பின்புறத்தில் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும் கால்கள் உட்பள்ளத்தை எட்டவே எட்டாது என்பதால், அவற்றைச் சுற்றிக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைப் பல சுற்று சுற்றி, அதன்மேல் உடனே ஒட்டும் பசையை ஊற்றிச் செருகியிருக்கிறார்கள். டேப்பின் ஓரம் உருகிச் சுருண்டிருந்தது. பசை வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து நின்றது. நீண்ட இறக்கத்தில் பிரேக் டிஸ்கின் சூடு, சக்கரம் பொருத்தப்படும் ஹப் வழியாகச் சக்கரத்தின் நடுப்பகுதிக்கு ஏறும். அவ்வகைப் பசை ஏறக்குறைய 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே பிடிப்பை இழக்கத் தொடங்கும். ஒரிஜினல் கேப்பின் பின்புறத்தில் பாக எண்ணும் பிளாஸ்டிக்கின் வகையும் அச்சிலேயே வார்க்கப்பட்டிருக்கும். இதில் ஒரெழுத்துகூட இல்லை.

மற்ற மூன்றும் இதே லட்சணம்தான். பழைய கேப்புகளை ஸ்குரூடிரைவரால் நெம்பி எடுக்க முயன்றதில் நடுத்துளையின் விளிம்பில் பூச்சு பெயர்ந்திருந்தது. அலாய் வீலில் பூச்சு பெயர்ந்த இடத்தில் ஈரம் இறங்கினால், அங்கிருந்து வெண்மையான அரிப்பு பூச்சுக்கு அடியிலேயே பரவிக்கொண்டு போகும். பசையைக் கரைக்க அசிட்டோனைத் தொட்டால் மிச்சமிருக்கும் பூச்சும் போய்விடும் என்பதால், பிளாஸ்டிக் தகட்டால் மெல்லச் சுரண்டத்தான் முடிந்தது. இதைவிடக் கவலையளித்த விஷயம், நெம்ப வராத சக்கரங்களைக் கழற்றிப் பின்புறமிருந்து தட்டி எடுத்துவிட்டு, போல்ட்டுகளைக் காற்று கன்னால் அடித்து முறுக்கியிருந்ததுதான். கையேட்டின்படி அவற்றை, முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டர் வைத்து முறுக்க வேண்டும். இங்கோ சில போல்ட்டுகள் ஸ்பானரில் குழாய் மாட்டி மிதித்தும் அசையவில்லை. ஒன்று சாதாரணமாகத் திருப்பியதுமே இளகிவிட்டது.

கடைக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது கிடைத்த பதில், "மலைக்குப் போவேன்னு நீங்க சொல்லலையே சார்" என்பது. பழைய கேப்புகளைக் கேட்டேன். குப்பையில் போட்டாயிற்று என்றார்கள். பணத்தைத் திருப்பித் தர மறுத்து, இன்னும் நல்ல பசையாகப் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். சேலத்திலிருந்து கண்ணுக்கெதிரே தெரிவது சேர்வராயன் மலை. இந்த ஊரில் கார் வைத்திருப்பவர் ஏற்காட்டுக்குப் போவார் என்பது எந்தக் கடைக்காரருக்கும் தெரியாததல்ல. பசையில் நிற்கும் கேப் சமவெளியிலும் நிற்கக்கூடாத ஒன்று. அது விழாமல் நின்றாலும், அடுத்த முறை பேலன்சிங் செய்ய அதை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

ஆகவே வாங்கும்போது கேப்பின் முன்புறத்தை மட்டும் பார்க்காதீர்கள். திருப்பி, கால்களையும் எண்ணையும் பாருங்கள். முகத்தின் விட்டம் ஒன்று, கால்கள் பிடிக்கும் வட்டத்தின் விட்டம் வேறு. இரண்டும் பொருந்த வேண்டும். பி.எம்.டபிள்யூவிலேயே நெடுங்காலம் வந்தது 68 மில்லிமீட்டர், புதிய வண்டிகள் பலவற்றில் 56 மில்லிமீட்டர் என்பதால் "எல்லா பி.எம்.டபிள்யூவுக்கும் ஒன்றுதான்" என்ற பேச்சை நம்ப வேண்டாம். சரியான கேப்பை வெளியிலிருந்து நேராக வைத்து உள்ளங்கையால் அழுத்தினாலே சுற்றிலும் டக்கென்று விழுந்து பிடித்துக்கொள்ளும். பசை டியூபை யாராவது கையில் எடுத்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பாக எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள்; கூடவே நில்லுங்கள்.

பில், புகைப்படங்கள், விழுந்த கேப் ஆகியவற்றை வைத்துத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். கடை இணங்காவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அதற்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. அண்மையில் இதுபோன்ற கடைகளில் கேப் மாற்றியவர்கள், மலையேறுவதற்கு முன் நான்கு கேப்புகளையும் விரலால் பிடித்துத் திருகிப் பாருங்கள். சக்கரத்தைக் கழற்றியிருந்தார்கள் என்றால், போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் உள்ள இடத்தில் ஒருமுறை சரிபார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.