கிம்ப்பில் ஷார்ப்பன்: பல வருடம் புழங்கிய பிறகு

2012-இல் கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளின் 2.8 பதிப்பு வந்த காலத்திலிருந்து என் போட்டோக்கள் எல்லாம் கடைசியில் அதில்தான் வந்து முடிகின்றன. பெரும்பாலும் பறவைகள், பள்ளிக்கரணை, வேடந்தாங்கல் பக்கம் எடுப்பவை. காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்களையும் இடையிடையே பார்த்தாயிற்று. ஷார்ப்பன், அதாவது படத்தைக் கூராக்கும் வேலைக்கு மட்டும் திரும்பவும் இங்கேதான் வருகிறேன். இலவசம் என்பது ஒரு காரணம். எந்த இடத்தில் எவ்வளவு என்பதை முழுக்க என் கையில் விடுகிறது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

புதிதாக வருபவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபோகஸ் தவறிய படத்தை அன்ஷார்ப் மாஸ்க் என்ற கிம்ப்பின் ஷார்ப்பன் ஃபில்டர் காப்பாற்றாது. அது செய்வது இவ்வளவுதான்: படத்தை லேசாக மங்கலாக்கி ஒரு நகல் எடுக்கும், அசலிலிருந்து அதைக் கழிக்கும், மிஞ்சுவதை அசலோடு கூட்டும். விளிம்பின் இருட்டுப் பக்கம் இன்னும் கொஞ்சம் இருட்டாகும், வெளிச்சப் பக்கம் இன்னும் கொஞ்சம் வெளுக்கும். நம் கண் அதைத் தெளிவு என்று எடுத்துக்கொள்கிறது. கம்ப்யூட்டருக்கு முந்தைய வித்தை இது. இருட்டறையில் நெகட்டிவிலிருந்து மங்கலான பாசிட்டிவ் ஒன்று தயாரித்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து பிரிண்ட் போட்டிருக்கிறார்கள்.

நன்றாக ஃபோகஸ் ஆன படத்துக்கு இது எதற்கு என்று கேட்கலாம். பெரும்பாலான கேமராக்களில் சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் ஒரே ஒரு நிறத்தைத்தான் பதிவு செய்கிறது. மற்ற இரண்டையும் பக்கத்துப் பிக்சல்களை வைத்துக் கணக்குப் போட்டு நிரப்புகிறார்கள். அதில் கொஞ்சம் மழுங்கல் வந்தே தீரும். ரா கோப்பு, அதாவது சென்சார் பதிந்ததைக் கேமரா மெருகேற்றாமல் அப்படியே தரும் கோப்பு, சற்று மழுங்கித் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, ஸ்லைடர்களுக்கு வருவோம். மூன்று இருக்கின்றன: விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம் என்பது ரேடியஸ், எவ்வளவு அழுத்தமாக என்பது அமவுண்ட், எவ்வளவு சின்ன வேறுபாட்டைத் தொடாமல் விடுவது என்பது த்ரெஷோல்டு. எல்லோரும் அமவுண்டைப் பிடித்து இழுப்பார்கள். என் அனுபவத்தில் படத்தின் தலையெழுத்து ரேடியஸில் இருக்கிறது. கரண்ட் கம்பியில் உட்கார்ந்திருக்கும் வெண்தொண்டை மீன்கொத்தி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 6000 பிக்சல் அகலப் படத்தை 1600-க்குச் சுருக்கிவிட்டு, கிம்ப் தானாகக் காட்டும் ரேடியஸ் 3-ஐ அப்படியே விட்டு ஓகே கொடுத்தால், வானத்தை ஒட்டி அந்தச் சிவப்பு அலகைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு வந்து நிற்கும். கம்பிக்கும் இரண்டு பக்கமும் அதே கோடு. ரேடியஸை 0.6-க்குக் கொண்டுவந்தால், அமவுண்டை 0.8 வரை ஏற்றினாலும் கோடு கண்ணில் படாது. மார்பின் வெள்ளை இறகுகள் மட்டும் ஒன்றொன்றாகப் பிரிந்து தெரியும். ஸ்க்ரீனுக்கு 0.5 முதல் 0.8, பிரிண்டுக்கு 1.2 முதல் 2 வரை என்று வைத்திருக்கிறேன். பேப்பரில் மை சற்றுப் பரவும் என்பதால், பிரிண்டுக்குப் போகும் படம் ஸ்க்ரீனில் கொஞ்சம் மிகையாகத் தெரிந்தால்தான் கையில் சரியாக வரும். அதனால் முதலில் அளவை மாற்றிவிட்டு, ஷார்ப்பனைக் கடைசியில்தான் தொடுகிறேன். பார்ப்பதும் 100 சதவீத ஜூமில்தான். 33 சதவீதத்தில் வைத்துக்கொண்டு ஸ்லைடரை நகர்த்துவது வெறும் குத்துமதிப்பு.

2.8-இல் ப்ரீவியூ என்பது ஒரு சின்னச் சதுரம். அதற்குள் பறவையின் கண் தெரிந்தால் வால் தெரியாது. 2018-இல் வந்த 2.10 அந்தத் தொல்லையை ஒழித்தது. படத்தின் மேலேயே விளைவைப் பார்க்கலாம், ஸ்ப்ளிட் வியூவில் நடுக்கோட்டை இழுத்து முன்னும் பின்னும் ஒப்பிடலாம். ஒரு சிக்கலும் கூடவே வந்தது. பழைய பாடங்களில் த்ரெஷோல்டு 3 வை, 5 வை என்று எழுதியிருப்பார்கள். அது 0 முதல் 255 வரையான கணக்கு. இப்போது அளவுகோல் 0 முதல் 1 வரைதான். அந்த எண்களைத் தேடிப் பிடித்துப் போடுவதில் பயனில்லை.

2025 மார்ச்சில் வந்த 3.0-தான் உண்மையான மாற்றம். ஃபில்டர் இப்போது லேயரின், அதாவது பட அடுக்கின் மேல் தனியாக நிற்கிறது. கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பாகச் சேமித்துவிட்டால், அடுத்த வாரம் திறந்தும் ரேடியஸை மாற்றலாம். இதற்காகவே லேயரை நகல் எடுத்து எடுத்து கோப்பைக் குண்டாக்கிய காலம் போனது.

நகல் லேயரை இன்னும் முழுசாக விடவில்லை, அது வேறு விஷயம். நகலில் ஷார்ப்பன் செய்து, கீழ் லேயரோடு அது கலக்கும் விதத்தை, அதாவது லேயர் மோடை லூமினன்ஸ் ஆக்கினால் வெளிச்ச வேறுபாடு மட்டும் கூடும், விளிம்பில் நிறம் கசியாது. அப்புறம் அந்த நகலை மறைக்கும் ஒரு கறுப்பு மாஸ்க் போட்டு, வெள்ளை பிரஷ்ஷால் கண், அலகு, கழுத்து இறகு மட்டும் வரைந்து திறந்துவிடுவேன். பின்னணித் தண்ணீர் தொடப்படாமல் வழவழப்பாகவே இருக்கும். வெளிச்சம் போதாமல் கேமராவின் ஐஎஸ்ஓ உணர்திறனை 3200-க்கு ஏற்றி விடியற்காலையில் எடுத்த படத்தை ஒட்டுமொத்தமாக ஷார்ப்பன் செய்தால், இறகைவிட நாய்ஸ் என்ற புள்ளிப் புள்ளியான இரைச்சல்தான் முதலில் கூராகும்.

அதே ஃபில்டருக்கு இன்னொரு முகமும் உண்டு. ரேடியஸை 50-க்கு ஏற்றி, அமவுண்டை 0.15-க்கு இறக்கிப் பாருங்கள். விளிம்பு எதுவும் மாறாது, ஆனால் மூட்டமாகக் கிடந்த மலைச்சரிவு திடீரென்று மடிப்பு மடிப்பாக எழுந்து வரும். கொடைக்கானல் படங்களுக்கு நான் இதைத்தான் முதலில் போடுகிறேன். பழைய லேப்டாப்பில் கொஞ்சம் திணறும், பொறுத்துக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப்பில் வரும் படங்கள்தான் தலைவலி. “இதைக் கொஞ்சம் கிளியர் பண்ணிக் குடுப்பா” என்று சொந்தக்காரர்கள் அனுப்புவார்கள். ஃபோனே ஒரு தடவை ஷார்ப்பன் செய்திருக்கும், அதன் மேல் ஜேபெக் சுருக்கம். அதில் மறுபடி கைவைத்தால் எழுத்துகளைச் சுற்றியுள்ள அழுக்குப் புள்ளிகளும் கட்டங்களும்தான் பளிச்சிடும். ஏஐ செயலி ஒன்றில் போட்டு ஒரு பழைய கல்யாணப் படத்தைத் தெளிவாக்கினேன். கண், பல் எல்லாம் கச்சிதமாக வந்தது. அத்தை பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு, யாரு இது?” என்றார். இல்லாததைப் புதிதாக வரைந்து கொடுப்பதைத் தெளிவு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

லென்ஸ் மழுக்கத்தை நேர்மையாகத் திருப்ப ஒரு வழி இருக்கிறது. 1972-இல் ரிச்சர்ட்சனும் 1974-இல் லூசியும் தனித்தனியாக வெளியிட்ட கணக்கு அது. மங்கல் எந்த வடிவத்தில் பரவியது என்று தெரிந்தால் படிப்படியாகப் பின்னோக்கிப் போகலாம். 1990-இல் ஹபிள் தொலைநோக்கியின் கண்ணாடி பிசகியிருந்தது தெரிந்தபோது, 1993-இல் விண்வெளி வீரர்கள் போய்ச் சரிசெய்யும் வரை அதன் படங்களைத் தேற்ற இந்தக் கணக்கும் உதவியது. கிம்ப்பில் ஜிமிக் என்ற செருகுநிரலைச் சேர்த்தால் இது கிடைக்கும். ஆனால் ரா எடுப்பவர்களுக்கு ராதெரபி என்ற ரா கோப்பு மென்பொருளில், 2020-இல் வந்த 5.8 பதிப்பில் உள்ள கேப்சர் ஷார்ப்பனிங் இன்னும் வசதி. நான் அங்கே முதல் சுற்றை முடித்து, நிற விவரம் குறையாத 16 பிட் டிஃப் கோப்பாகத்தான் கிம்ப்புக்குக் கொண்டுவருகிறேன். பிறகு கிம்ப்பில் செய்யவேண்டியது மிகக் குறைவு.

கல்யாண ஆல்பம் போல நூற்றுக்கணக்கில் படம் தள்ளுபவர்களுக்கு கிம்ப்பைச் சொல்லமாட்டேன். ஒவ்வொன்றையும் திறந்து மூடியே பொழுது போய்விடும். அவர்கள் ராதெரபியிலேயே அளவு மாற்றிய பிறகு வரும் ஷார்ப்பனை டிக் செய்து, மொத்தத்தையும் வரிசையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம்.