வட்டத்துக்குள் மட்டும் வேறு வரைபடம்

ஓப்பன்லேயர்ஸ் என்னும் இலவச வரைபட மென்பொருளின் மாதிரிகளில் ‘லேயர் ஸ்பை’ என்று ஒன்று உண்டு. சாலை வரைபடத்தின் மேல் மவுஸை நகர்த்தினால், அது போகும் இடமெல்லாம் ஒரு வட்டத்துக்குள் மட்டும் செயற்கைக்கோள் படம் தெரியும். மேல், கீழ் அம்புக்குறிப் பொத்தான்களால் வட்டத்தைப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம். ஐந்து நிமிடத்தில் மூடிவிடலாம் என்று திறந்தவன் அரை மணி நேரம் விளையாடிக்கொண்டிருந்தேன்.

யோசனை பழசுதான். ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் எரிக் பியர் குழுவினர் 1993-லேயே ‘மேஜிக் லென்ஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அப்புறம் அதே நிரலை என் வேலைக்கு மாற்றிக்கொண்டேன். அடியில் எல்லா சாலை விபத்துகளும் புள்ளிகளாக. வட்டத்துக்குள் இரவு விபத்துகள் மட்டும். இதற்கு ஒரு டிக் பெட்டி போதுமே என்று தோன்றும். ஆனால் பெட்டியில் டிக் போட்டதும் மொத்தப் படமும் மாறிவிடுகிறது, முன்பு என்ன இருந்தது என்று கண்ணுக்கு நினைவிருப்பதில்லை. வட்டத்தைச் சாலையோடு இழுத்துக்கொண்டே போனபோது, பெரும்பாலான இடங்களில் புள்ளிகள் பாதியாகக் குறைந்தன. ஒரு வளைவில் மட்டும் ஒன்றுகூடக் குறையவில்லை. அங்கே நடந்ததெல்லாம் இரவில்தான். பெட்டியை எத்தனை முறை தட்டியிருந்தாலும் இதைப் பார்த்திருக்க மாட்டேன்.

மீன்கண் லென்ஸ் வேறு ரகம். நடுவைப் பெரிதாக்கி ஓரத்தை நெருக்கும், ஆனால் சுற்றுப்புறம் மறைவதில்லை. நெரிசலான புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க அருமை. தூரத்துக்கு மட்டும் அதை நம்பக் கூடாது. மீன்கண் லென்ஸ் உள்ள வேறொரு கருவியில் இரண்டு விபத்துகளைத் தனித்தனி இடம் என்று குறித்து வைத்தேன். இரண்டும் ஒரே சந்திப்பின் எதிரெதிர் முனைகள். வட்டத்துக்குள் அளவுகோலுக்கு அர்த்தமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இன்னொரு தொல்லை, தொடுதிரை. பார்க்க வேண்டிய இடத்தை விரலே மறைத்துவிடும். வட்டத்தை விரலுக்குச் சற்று மேலே தள்ளி வைத்தேன், சரியாகிவிட்டது. அடியில் ஒன்று, வட்டத்துக்குள் ஒன்று என்று இரண்டு வரைபட அடுக்குகளும் எப்போதும் வரையப்படுவதால் பழைய கணினி கொஞ்சம் திணறும்.

தூரத்தில் இருக்கும் இரண்டு ஊர்களை ஒப்பிட லென்ஸ் உதவாது. ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதற்குப் போவதற்குள் முதலாவது மறந்துவிடும். அந்த வேலைக்கு நான் இன்னும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு படங்களைத்தான் வைக்கிறேன். அறிக்கையில் ஒட்டுவதற்கும் அதுதான் வசதி.