பல்லில் சீழ்: மாத்திரையா, புடுங்குவதா, ரூட் கெனாலா?

கடைவாய்ப் பல் சொத்தையாகி வலிக்க ஆரம்பித்தால் மதுரைப் பக்கம் வீட்டுக்கு வீடு பட்டிமன்றம்தான். புடுங்கிப் போடு என்று ஒரு கட்சி, ரூட் கெனால் பண்ணு, அதாவது பல்லை வைத்துக்கொண்டே உள்ளே கெட்டதைச் சுத்தம் செய்து அடைத்துவிடு என்று எதிர்க்கட்சி. தீர்ப்பு வருவதற்குள் நாம் மெடிக்கலில் போய், "அண்ணே, பல் வலிக்கு ரெண்டு வேளைக்கு மாத்திரை குடுங்க" என்று வாங்கிப் போட்டிருப்போம். முக்கால்வாசி நேரம் ஜெயிப்பது இந்த மூன்றாவது ஆள்தான்.

மாத்திரை மலிவு, உடனே கிடைக்கும், வாயைப் பிளந்து உட்கார வேண்டாம். ஆனால் வலி மாத்திரை வலியைத்தான் அமர்த்தும். ஆன்டிபயாடிக்கோ ரத்தத்தின் வழியாகப் போக வேண்டும். பல்லுக்குள் நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கும் மென்மையான கூழ் செத்துவிட்டால் அங்கே ரத்த ஓட்டமே கிடையாது. வெளி வீக்கம் வடியும், உள்ளே கிருமி அப்படியே இருக்கும். கிராம்புத் தைலமும் இதே கணக்குதான். மரத்துப் போகும், அளவு மீறினால் ஈறு புண்ணாகும்.

வலி போகும் விதத்தையும் கவனியுங்கள். ஆரம்பத்தில் ஜிகர்தண்டா ஒரு வாய் பட்டாலே சுர்ரென்று ஏறும். முற்றினால் தலைகீழ்: சூடான டீக்குத் துடிக்கும், குளிர்ந்த தண்ணீரைக் கொப்பளித்தால் அடங்கும். அப்புறம் ஒருநாள் வலியே இருக்காது. சரியாகிவிட்டது என்று நினைப்போம். நரம்பு செத்திருக்கும், சீழ் எலும்பில் வழி தேடிக்கொண்டிருக்கும்.

கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் நாக்குக்கு அடியிலும் கழுத்திலும் இறங்கினால் மூச்சையே அடைக்கும். 1836-ல் ஜெர்மன் மருத்துவர் லுட்விக் இதை விவரித்தார். இன்றும் அவர் பெயரால் லுட்விக் ஆஞ்சைனா என்கிறார்கள். தாடைக்கு அடியில் வீக்கம், வாய் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, மூச்சு வாங்குகிறது என்றால் பல் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். ராத்திரியானாலும் பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல்: சீழ் சர்க்கரையை ஏற்றும், ஏறிய சர்க்கரை சீழை வளர்க்கும்.

"மேல் பல்லைப் புடுங்கினால் கண் போயிடும்" என்று பயப்படுபவர்கள் இன்றும் உண்டு. புடுங்குவதால் பார்வை போகாது. புடுங்காமல் விட்ட மேல்பல்லின் சீழ்தான் அபூர்வமாகக் கண்ணைச் சுற்றியும், அதையும் தாண்டி மூளைப் பக்கமும் பரவக்கூடும்.

சரி, புடுங்குவதா, ரூட் கெனாலா? இரண்டுமே சீழின் மூலத்தை எடுத்துவிடும், அதனால் மாத்திரையைவிட இரண்டுமே மேல். புடுங்குவது பெரும்பாலும் ஒரே தடவையில் முடியும், செலவும் குறைவு. பிறகு பக்கத்துப் பல் சாயும், எதிர்ப் பல் இறங்கும், மெல்லும் பக்கம் மாறும். ரூட் கெனாலில் பல் நிலைக்கும்; செலவு பல மடங்கு. பணம்தான் தடை என்றால் பெரியாஸ்பத்திரி பல் பிரிவிலோ, கீழவெளி வீதி பல் மருத்துவக் கல்லூரியிலோ கேட்டுப் பார்க்கலாம். பல் பாதிக்கு மேல் கரைந்திருந்தால் என் ஓட்டு புடுங்குவதற்கே. சுவர் மிச்சமிருந்தால் ரூட் கெனால்.

ஆனால் ரூட் கெனால் என்று இறங்கினால் முழுசாக முடியுங்கள். முதல் சிட்டிங்கிலேயே வலி போய்விடுவதால் பலர் திரும்பிப் போவதில்லை. தற்காலிக அடைப்பு கழன்று, எச்சில் உள்ளே கசிந்து, மறுபடியும் சீழ் பிடிக்கும். கடைவாய்ப் பல்லுக்கு மேலே மூடும் உறையான கேப்பும் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு முறுக்கைக் கடிக்கும்போது இரண்டாகப் பிளந்து, கடைசியில் புடுங்கத்தான் வேண்டியிருக்கும்.