பாரிஸ் போகும் புதுச்சேரிக்காரர்களே, பலகையை நம்பிக் காபிக்குப் பணம் கொடுக்காதீர்கள்

விடுமுறைக்குப் பாரிஸில் உள்ள உறவினர் வீட்டுக்குக் கிளம்புகிறவர்கள் புதுச்சேரியில் எப்போதும் உண்டு. அவர்களில் நல்ல காபியைத் தேடி அலைகிறவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மோன்மார்த்ர் குன்றில், சாக்ரே-கேர் தேவாலயத்துக்கு ஏறும் வழியில் இருக்கும் ஒரு சிறிய காபிக் கடையில் என்னையும் என் சித்தியையும் ஏமாற்றினார்கள். இரண்டு கோப்பைக் காபி, கால் கிலோ காபிக்கொட்டை, இவ்வளவுதான் வாங்கினோம். பில் 57.50 யூரோ. நம் பணத்தில் 5,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சுற்றுலாப் பயணிகள் குவியும் எந்தத் தெருவிலும் இதே முறையில் ஏமாற்ற முடியும் என்பதால், பெயரைவிட முறையைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

சித்தி சொல்தா வீட்டுப் பெண்மணி. சித்தப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். பல ஆண்டுகளாகப் பாரிஸின் புறநகரான சார்செல்லில் இருக்கிறார்கள். ஊரிலிருந்து யாராவது வந்தால், பெரிய மார்க்கெட் பக்கம் வறுத்து அரைத்த பொடியைக் கொண்டுவந்து தர வேண்டும்; அதுதான் சித்தி கேட்கும் ஒரே பொருள். தான் குடியிருக்கும் நகரத்தில் நல்ல காபி வாங்கித் தர வேண்டும் என்று ஆசைப்பட்டு என்னை அழைத்துப் போனவர் அவர்தான். தன் கையிலிருந்து பணம் கொடுத்தவரும் அவர்தான். என் கோபம் இன்னும் அடங்காததற்கு அதுவே பெரிய காரணம்.

கடை வாசலில் 'ஸ்பெஷாலிட்டி காபி' என்றும் 'நாங்களே வறுத்தது' என்றும் பிரெஞ்சில் பெரிதாக எழுதியிருந்தது. ஸ்பெஷாலிட்டி காபி என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பயிற்சி பெற்றவர்கள் காபியை முகர்ந்து, சுவைத்து, நூற்றுக்கு மதிப்பெண் போடுவார்கள். 80 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் வாங்கினால்தான் அந்தப் பெயர். மதிப்பெண் கொட்டைக்கே தவிர, கடைக்கு இல்லை. பலகையில் எழுதுகிறவர் யாரிடமும் போய் மதிப்பெண் தாளைக் காட்டிவிட்டு எழுதுவதில்லை.

பலகையை விட்டுவிட்டு உள்ளே இருந்ததைச் சொல்கிறேன். ஜன்னலோரம், வெயில் நேராக விழும் இடத்தில், பெரிய கண்ணாடி ஜாடிகளில் கொட்டை நிரப்பி வைத்திருந்தார்கள். கருகிய கறுப்பு, மேலே எண்ணெய் பளபளத்தது. வெளிச்சமும் காற்றும் வறுத்த காபிக்கு எதிரிகள். நல்ல சரக்கு வைத்திருக்கும் யாரும் அதை இப்படி வெயிலில் காயப்போட மாட்டார்கள். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று வைத்த ஜாடியிலிருந்தே விற்கிற கடைகளைத் தாண்டிப் போய்விடுங்கள்.

எத்தியோப்பியாவின் யிர்காசெஃப் கொட்டையில் இரண்டு 'வி60' கேட்டோம். காகித வடிகட்டியில் பொடியை இட்டு, கையால் சிறிது சிறிதாக வெந்நீர் ஊற்றி வடிப்பது அது. ஏறத்தாழ 15 கிராம் பொடிக்கு 250 மில்லி தண்ணீர். முதலில் கொஞ்சம் நீர் விட்டு அரை நிமிடம் பொடியை ஊறவிட வேண்டும். முழுவதும் இறங்க ஏறத்தாழ மூன்று நிமிடம் ஆகும். எங்களுக்கு உட்கார்ந்து மூச்சுவிடுவதற்குள் வந்துவிட்டது. மேலே பழுப்பு நுரை வேறு மிதந்தது. காகிதத்தில் வடித்த காபியில் அப்படி நுரை நிற்காது. அழுத்தத்தில் காபி இறக்கும் எஸ்பிரஸ்ஸோ இயந்திரத்தில் தண்ணீரை அதிகமாக ஓடவிட்டுக் கோப்பையை நிரப்பியிருக்கிறார்கள். யிர்காசெஃபில் எதிர்பார்க்கும் மலர் மணமோ எலுமிச்சைப் புளிப்போ துளியும் இல்லை. கசப்பு, கருகல், அவ்வளவே. சித்தி பிரெஞ்சில் பணிவாகத்தான் கேட்டார்: "இதைக் கையால் வடிக்கவில்லையே?" பணியாளர், "எங்கள் கடையின் முறை இதுதான் அம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அடுத்தது பில். உள்ளே மாட்டியிருந்த பலகையில் ஒரு கோப்பை 6.50 யூரோ என்றுதான் இருந்தது. பில்லில் 9 யூரோ. கேட்டதற்கு, பலகையில் உள்ளது நின்றுகொண்டு குடிப்பவர்களுக்கான விலை என்றார்கள். பிரான்சில் நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்து குடித்தால் ஒரு விலை என்பது உண்மைதான். அதில் தவறு இல்லை. ஆனால் இரண்டு விலையையும் வாடிக்கையாளர் பார்க்கும்படி எழுதி வைக்க வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டின் அரசாணை. உள்ளே மட்டும் இல்லை, வெளியே தெருவிலிருந்தும் தெரிய வேண்டும். அப்படி எழுத வேண்டிய பொருள்களின் பட்டியலில் முதலில் நிற்பதே ஒரு கோப்பைக் கறுப்புக் காபிதான். இந்தக் கடையின் வெளியே ஒரு விலையும் இல்லை.

அதோடும் விடவில்லை. இரண்டு காபி 18, கொட்டை 32, ஆக 50 யூரோ. அதன் மேல் 15 சதவீதம் 'சேவைக் கட்டணம்' என்று 7.50 யூரோவைச் சேர்த்துவிட்டார்கள். பிரான்சில் சேவைக் கட்டணம் எழுதியிருக்கும் விலைக்குள்ளேயே அடங்கிவிடும். அதற்கு மேல் கொடுப்பது நம் விருப்பம். கேட்டு வாங்க அவர்களுக்கு உரிமை கிடையாது. கார்டு இயந்திரத்தை நீட்டியவர் தொகை தெரியும் திரையைக் கட்டைவிரலால் மறைத்தபடியே நீட்டினார். சித்தி ரகசிய எண்ணை அழுத்திய பிறகுதான் சீட்டு கைக்கு வந்தது. நான் சண்டை பிடிக்கப் போனேன். "விடு கண்ணு, விருந்துக்கு வந்த இடத்தில் உனக்கு எதற்கு வாக்குவாதம்" என்று சித்தி என் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்துவிட்டார். அவர் முகம் வாடிப்போயிருந்தது.

கொட்டையின் கதை புதுச்சேரிக்கு வந்த பிறகுதான் முழுதாகத் தெரிந்தது. 'பனாமா கெய்ஷா' என்று சொல்லி, பொட்டலத்தை எங்கள் கையில் தராமலே பரிசுக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்திருந்தார்கள். கெய்ஷா என்பது எத்தியோப்பியாவிலிருந்து வந்த ரகம். 2004இல் பனாமாவின் எஸ்மரால்டா தோட்டத்துக் கெய்ஷா ஒரு பவுண்டு 21 டாலருக்கு ஏலம் போய்க் காபி உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. அந்தப் பெயருக்கு அப்படி ஒரு மதிப்பு. வீட்டில் காகிதத்தைப் பிரித்தால், வெறும் பளபளப்பு உறை, மேலே ஒட்டிய சிறு சீட்டு. தோட்டத்தின் பெயர் இல்லை. எந்த உயரத்தில் விளைந்தது, பழத்தோடு உலர்த்தியதா கழுவி உலர்த்தியதா, ஒன்றும் இல்லை. வறுத்த தேதி இல்லை. எதற்குள் பயன்படுத்த வேண்டும் என்ற தேதி மட்டும் இரண்டு ஆண்டுகள் தள்ளிப் போட்டிருந்தது. புதிதாக வறுத்த கொட்டை பல நாள்கள் கரியமில வாயுவை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதனால்தான் நல்ல உறைகளில் ஒருவழி வால்வு வைப்பார்கள். இல்லாவிட்டால் உறை உப்பிவிடும். இதில் வால்வும் இல்லை, உப்பலும் இல்லை. அடைக்கும்போதே பழைய சரக்கு.

நான் வழக்கமாகப் பொடி வாங்கும் கடைக்காரரிடம் எடுத்துப் போனேன். ஆயுள் முழுக்கக் காபி வறுத்தவர். ஒரு கைப்பிடியைத் தட்டில் கொட்டிப் பரப்பினார். "நடுக் கோட்டைப் பாருங்கள் அம்மா, நேராக ஓடுகிறது. அராபிகா என்றால் வளைந்து போகும். கொட்டையும் உருண்டை. முக்கால்வாசி ராபஸ்டா" என்றார். அராபிகா, ராபஸ்டா இரண்டும் காபியின் இனங்கள்; ராபஸ்டா மலிவானது, கசப்பு கூடியது. கெய்ஷா அராபிகாவைச் சேர்ந்தது. கொட்டை நீளமாக, மெலிந்து இருக்கும். ஒன்றைக் கடித்துப் பார்த்து உடனே துப்பினார். எண்ணெய்ச் சிக்கு வாடை எனக்கே அடித்தது. "இதை என் கடையில் விற்றால் மறுநாள் பொட்டலத்தை என் முன்னால் கொட்டிவிட்டுப் போவார்கள்" என்றார்.

அவர் சொன்னது உண்மை. நம் ஊரில் காபிப்பொடி வாங்குகிறவர் கொட்டை வகைகளில் பிளாண்டேஷன் ஏ எத்தனை பங்கு, பீபெரி எத்தனை பங்கு என்று கேட்டுத்தான் வாங்குகிறார். சிக்கரி எவ்வளவு என்று பொட்டலத்திலேயே அச்சிட வேண்டும் என்பது இங்கே சட்டம். கண்முன் வறுக்கச் சொல்லி, அரைக்கச் சொல்லி, சூட்டோடு வாங்கிப் போகிறவர்கள் நாம். அதே கேள்விகளைப் பாரிஸிலும் தயங்காமல் கேளுங்கள். எந்தத் தோட்டம், என்றைக்கு வறுத்தது, யார் வறுத்தது. நேர்மையான கடைக்காரரிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டால் மகிழ்ந்துபோவார். அவர் பேச்சை நிறுத்துவதுதான் கஷ்டம். பதிலுக்குத் தோளைக் குலுக்குகிறவரிடம் ஒரு சென்ட் கூடக் கொடுக்காதீர்கள்.

அந்த நகரத்தில் நல்ல காபி இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளிலிருந்து வந்த ராபஸ்டாவைக் கருக வறுத்துக் குடித்துப் பழகிய ஊர் அது. சாதாரணக் கடைகளில் இன்றும் அந்தக் கசப்பு இருக்கிறது. மாற்றம் வந்தது 2000க்குப் பிறகுதான். குவாத்தமாலாவின் தூதராக இருந்த குளோரியா மோன்தெநேக்ரோ 2005இல் சேன் ஆற்றங்கரை அருகே 'லா கஃபேயோதெக்' கடையைத் தொடங்கினார். அதன் பிறகு சேன்-மார்த்தேன் கால்வாய்ப் பக்கமும் பெல்வில் பக்கமும் அக்கறையான கடைகள் வந்தன. நம் ஆள்கள் மளிகைக்கும் புடவைக்கும் எப்படியும் லா ஷப்பேல் போவார்கள். அங்கிருந்து கால்வாய் நடக்கிற தூரம்தான். அங்கே ஒரு கடையில் மூன்று நிமிடத்துக்கு மேல் காத்திருந்து வாங்கிய கறுப்புக் காபியைச் சித்தி சர்க்கரை கேட்காமல் குடித்து முடித்தார். உறையில் வறுத்த தேதி இருந்தது, முந்தைய வாரம்.

பில் விஷயத்தில் இன்னும் ஒன்று. பிரான்சில் 2023 ஆகஸ்ட் முதல் பெரும்பாலும் ரசீதைத் தானாக அச்சிட்டுத் தருவதில்லை, கேட்டால்தான் தருவார்கள். கட்டாயம் கேட்டு வாங்குங்கள், விலைப்பலகையையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பிய பிறகும் 'சிக்னல்கோன்சோ' என்ற பிரெஞ்சு அரசின் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். புகார் கடைக்கும் போகும், நுகர்வோர் பாதுகாப்புத் துறையும் பார்க்கும். பிரெஞ்சில் நாலு வரி எழுத நம் ஊரில் ஆளுக்கா பஞ்சம்? எங்கள் புகாரைச் சித்தியே எழுதி அனுப்பிவிட்டார். கடையிலிருந்து இதுவரை பதில் இல்லை. வந்தால் அதையும் எழுதுகிறேன்.