'டூப்ளெக்ஸ் இருக்கு சார்'னு சொல்லி தலையில கட்டின லேசர் பிரிண்டர்: வாங்கப்போறவங்க இத படிச்சிருங்க

சின்ன இடத்துல வைக்கிற மாதிரி, தாளோட ரெண்டு பக்கமும் அடிக்கிற, அதாவது டூப்ளெக்ஸ் லேசர் பிரிண்டர் யாராச்சும் தேடிட்டு இருந்தீங்கன்னா பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். நான் ஒரு ஆன்லைன் செல்லர்கிட்ட வாங்கி இன்னும் மல்லுக்கட்டிட்டு இருக்கேன்.

எனக்கு வேண்டியது ரொம்ப சிம்பிள். ஷெல்ஃப்ல ஒரு தட்டு காலி, ஆழம் 38 சென்டிமீட்டர், அதுல உக்காரணும், நோட்ஸ் எல்லாம் ரெண்டு பக்கமும் தானா அடிச்சு வரணும், கலர் வேண்டாம், அவ்ளோதான். அந்த செல்லர் பேஜ்ல கொட்டை எழுத்துல "காம்பேக்ட் லேசர், டூப்ளெக்ஸ் பிரிண்டிங்"னு போட்டு ஆழம் 35 சென்டிமீட்டர்னும் போட்டிருந்தாங்க. சாட்ல கேட்டேன், "யெஸ் சார், டூப்ளெக்ஸ் சப்போர்ட் இருக்கு"ன்னாங்க. "ஆட்டோமேட்டிக்கா?"ன்னு திரும்ப கேட்டதுக்கு ஒரு கட்டைவிரல் இமோஜி வந்துச்சு. அத ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன்.

பிரிண்டர் வந்துச்சு, டிரைவர் போட்டு ஒரு நோட்ஸ் கொடுத்தேன். எல்லா தாள்லயும் ஒரு பக்கத்த மட்டும் அடிச்சு மேல தள்ளிட்டு நின்னுபோச்சு, கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல படம் போட்டு ஒரு மெசேஜ்: அடிச்ச தாளையெல்லாம் எடுத்து இப்படி ட்ரேல வச்சுட்டு கன்டின்யூ அழுத்துங்கன்னு. அதாவது மேனுவல் டூப்ளெக்ஸ். டூப்ளெக்ஸ் யூனிட் யாருன்னா நாமதான்!

நாலு பக்கம்னா பரவால்ல, எடுத்து வச்சுக்கலாம். நாப்பது பக்கம்னா நொந்துருவீங்க. டோனர் பொடி உருகி தாள்ல ஒட்டணும்ங்கிறதுக்காக ஃபியூசர் உருளை கிட்டத்தட்ட 200 டிகிரி சூட்டுல இருக்கும், அது வழியா வர்ற தாள் ஈரம் காஞ்சு ஓரமெல்லாம் சுருண்டுதான் வரும், அந்த சூடு ஆறாத கட்ட அப்படியே திரும்ப ட்ரேல வச்சா ரெண்டு தாள் ஒட்டிக்கிட்டு ஒண்ணா உள்ள போயிடுது. அப்படி ஒரு தடவ போச்சுன்னா அதுலருந்து கடைசி வரைக்கும் எல்லாமே மாறிடும். எனக்கு 17ஆம் பக்கத்துக்கு பின்னாடி 16, 19க்கு பின்னாடி 18னு வந்துச்சு. அத்தனையும் குப்பை.

செல்லரோட "டெக்னிக்கல் டீம்" டிரைவர அழிச்சு திரும்ப போடுங்கன்னு சொல்லிட்டே இருந்தாங்க. இது டிரைவர்ல சரியாகற சமாச்சாரமா? ஆட்டோ டூப்ளெக்ஸ் மெஷின்ல ஒரு பக்கம் அடிச்ச தாள் மேல முக்கால்வாசி வெளிய வந்து, உருளை ரிவர்ஸ்ல சுத்தி அத உள்ள இழுத்து, பின்பக்கமா கீழ இறக்கி மறுபடி தாள்ல டோனர பதிக்கிற டிரம்முக்கு கொண்டுவரும். அதுக்குன்னு தனி பாதை, தனி உருளையெல்லாம் வேணும். அது இல்லாத மெஷின்ல எந்த டிரைவர் போட்டாலும் வராது.

அளவுலயும் இதே கததான். 35ங்கிறது ட்ரேய மூடி வச்ச அளவு. முன்னாடி மூடிய கீழ திறந்து அதுமேலதான் தாள் வைக்கணும், ஏ4 நீளம் 297 மில்லிமீட்டர், அது பெரும்பாலும் வெளியதான் நீட்டிக்கிட்டு நிக்குது. திறந்து வச்சு அளந்தா 50 தாண்டுது. பின்னாடி கேபிள் பிளக்குக்கு இடம், சூட்டுக்காத்து போக இடம், ஜாம் ஆனா பின்கதவ திறக்க இடம், இதெல்லாம் அந்த 35ல சேத்தியே இல்ல.

அதனால செல்லர் பேஜ நம்பாதீங்க, முழு மாடல் நம்பர கம்பெனி சைட்ல போட்டு ரெண்டு பக்க பிரிண்டிங் ஆட்டோமேட்டிக்னு எழுத்துல இருக்கான்னு பாருங்க. நிறைய கம்பெனி மாடல்ல கடைசில வர்ற 'டி' டூப்ளெக்ஸ், 'என்' நெட்வொர்க், 'டபிள்யூ' வைஃபை. டி இல்லாத தம்பி மாடலும் பாக்க அச்சு அசலா அண்ணன் மாதிரியே இருக்கும், போட்டோ பாத்து கண்டுபிடிக்கவே முடியாது. ஸ்கேனர் சேத்து வாங்கறவங்களுக்கு இன்னொண்ணு, ரெண்டு பக்கமும் அடிக்கும்னா ரெண்டு பக்கமும் தானா ஸ்கேன் பண்ணும்னு அர்த்தம் இல்ல, அது தனி வசதி. இடம் கம்மின்னா தாள் முழுசா உள்ளயே உக்கார்ற கேசட் ட்ரே மாடல் பாருங்க, பாக்க பெருசா தெரிஞ்சாலும் மொத்தத்துல அதுதான் கம்மி இடம் பிடிக்கும்.

ரிட்டர்ன் கேட்டேன். "டோனர் சீல் பிரிச்சாச்சு சார், அது யூஸ்டு ஐட்டம்"னாங்க. சீல் பிரிக்காம எப்படிய்யா அடிச்சு பாக்கறது? இத்தனைக்கும் கூட வந்தது அளவு கம்மியான ஸ்டார்ட்டர் டோனர்தான். கம்ப்ளைன்ட் போட்டதும் ரிஜெக்ட், காரணம் "ப்ராடக்ட் பேஜ்ல மேனுவல் டூப்ளெக்ஸ்னு தெளிவா இருக்கு". போய் பாத்தா நிஜமாவே இருக்கு, நான் கம்ப்ளைன்ட் போட்டதுக்கு அப்புறம் பொடி எழுத்துல சேத்திருக்காங்க. பழைய பேஜ், சாட், ஆர்டர் மெயில் எல்லாத்தையும் சேத்து மறுபடி அனுப்பினேன். இப்ப பாதி பணம் தர்றேங்கிறாங்க, அதுவும் கையில இல்ல, அவங்ககிட்டயே வேற ஏதாவது வாங்கிக்கற கிரெடிட்டா. முடியாதுன்னுட்டேன், பேங்க்ல டிஸ்ப்யூட் போட்டிருக்கேன்.