பி.எட்.டா, தொடக்கக் கல்விப் பட்டயமா?

மென்பொருள் வேலையை விட்டு நாகர்கோவிலுக்குத் திரும்பி, ஆசிரியராக விரும்பும் பட்டதாரியின் முன் உள்ள இவ்விரண்டும் 2 ஆண்டுப் படிப்புகளே. தொடக்கக் கல்விப் பட்டயத்தைத் தேரூரிலுள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் வழங்குகிறது. அப்பட்டயம் 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கும், ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளுக்கும் உரியது. பி.எட். இரண்டாம் தாளுக்கும் உயர் வகுப்புகளுக்கும் வழிவிடும் என்றாலும், 2023ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் பி.எட்.டைக் கொண்டு தொடக்கப் பள்ளி ஆசிரியராக இயலாது.

சம்பளம் நின்றுபோன வீட்டிலிருந்து காலைப் பேருந்தைப் பிடித்து, பாடக்குறிப்பேடும் கற்பித்தல் துணைக்கருவிகளும் சுமந்து பள்ளிப் பயிற்சிக்குச் செல்லும் வாரங்கள் இரண்டிலும் உண்டு. பொறியியலோ அறிவியலோ படித்தவருக்கு பி.எட்.டே பொருந்தும் என்பது என் கருத்து. சிறுவரோடு தரையில் அமர்ந்து ‘அ’ எழுதப் பழக்குவதில் மகிழ்பவர் தேரூருக்கே செல்லட்டும்.