சைலன்சர்: பெட்டியில் வாங்குவதா, பட்டறையில் செய்வதா?

புதுச்சேரியிலோ கடலூரிலோ வண்டி வைத்திருப்பவர் சைலன்சரை மாற்ற நினைத்தால், பட்டறையில் செய்துகொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். என்னுடைய போலோ ஜிடி டிஎஸ்ஐ காருக்கு அப்படித்தான் செய்தேன். ரெடிமேட் செட் மட்டமானது என்பதால் அல்ல. ரீமஸ், மில்டெக் மாதிரி பெயரெடுத்த கம்பெனிகளின் நேர்த்தியை நம் ஊர்ப் பட்டறை எட்டுவது கஷ்டம். ஆனால் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் ஓடுகிற வண்டிக்கு, மாட்டுகிற நாளைவிட அதற்கப்புறம் வருகிற வருடங்கள்தான் முக்கியம். அந்த வருடங்களைக் கணக்கில் எடுத்தால் பட்டறை முந்திவிடுகிறது.

இங்கே பேசுவது புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் பின்னாலிருந்து டெயில் பைப் வரையுள்ள பகுதியை மட்டும், கேட்-பேக் என்பார்கள். கன்வர்ட்டரையே கழற்றிவிடும் யோசனை எனக்கு ஏற்புடையதல்ல. கன்வர்ட்டருக்குப் பின்னால் இருக்கிற ஆக்சிஜன் சென்சார் காட்டிக்கொடுக்கும், டேஷ்போர்டில் விளக்கு எரியும். அது கிடக்கட்டும், சிக்னலில் நம் பின்னால் குழந்தையோடு ஸ்கூட்டரில் நிற்பவர் அந்தப் புகையைத்தானே சுவாசிக்கப் போகிறார்.

சட்டத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி தந்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். சத்தம், புகை வரம்பை மீறினால் 190(2) தனி. இந்த விஷயத்தில் ரெடிமேட், கஸ்டம் இரண்டும் ஒரே தட்டில்தான் நிற்கின்றன. பெட்டியின் மேல் ஐரோப்பிய அனுமதி முத்திரை இருப்பதால் இங்கே சலுகை கிடைக்காது. அதனால் சத்தம் ஒரிஜினலைத் தாண்டக் கூடாது என்பதையே பட்டறையில் முதல் நிபந்தனையாக வைத்தேன். துருப்பிடித்துப்போன சைலன்சருக்குப் பதிலாக நீண்ட நாள் உழைக்கிற ஒன்று வேண்டும் என்பதுதான் என் தேவை. பவரும் கூடினால் நல்லது, கூடாவிட்டாலும் சரி.

பவரைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. 105 பிஎஸ், 175 நியூட்டன் மீட்டர் தருகிற 1.2 லிட்டர் டர்போ என்ஜின் அது. கன்வர்ட்டருக்குப் பின்னால் பைப்பை மட்டும் மாற்றி அதில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்க முடியாது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது கொஞ்சம் தாராளமாக மூச்சுவிடுவது போல இருக்கும், அவ்வளவே. பெட்டியில் வாங்கினாலும் பட்டறையில் செய்தாலும் இதுதான் நிலைமை. விலையிலும் ஆச்சரியமில்லை: எனக்குச் சொன்ன விலைகளில், பட்டறைச் செலவைப் போல இரண்டு பங்குக்கு மேல் வந்தது இறக்குமதி செட்.

இனி உப்புக்கு வருவோம். மரக்காணம் உப்பளங்களிலிருந்து தேவனாம்பட்டினம் வரை, இந்தக் கரையோரம் முழுக்க இரும்பைக் காற்றே தின்கிறது. வெளிப்பக்கம் காற்று அரிக்கும்போது, சைலன்சரை உள்பக்கத்திலிருந்து தண்ணீர் அரிக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. தூரப் பயணத்தில் சைலன்சர் நன்றாகச் சூடேறி அந்த ஆவி வெளியே போய்விடும். மிஷன் வீதியிலிருந்து பீச் ரோடு, அங்கிருந்து முத்தியால்பேட்டை என்று சின்னச் சின்னச் சவாரியாகவே ஓடும் வண்டியில் சூடு ஏறுவதற்குள் என்ஜின் அணைந்துவிடும். ஆவி உள்ளேயே குளிர்ந்து, லேசான அமிலம் கலந்த தண்ணீராக, சத்தத்தை அடக்கும் பின்பக்க டப்பாவின் அடியில் தேங்கும். வெளியே பளபளப்பாக இருக்கிற சைலன்சர் ஒருநாள் அடியில் ஓட்டை விழுவது இப்படித்தான்.

இங்கே பெட்டியின் மேல் இருக்கிற ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்கிற சொல்லை மட்டும் நம்பினால் போதாது; எந்த கிரேடு என்று கேட்க வேண்டும். சைலன்சர்களில் அதிகம் புழங்கும் 409 கிரேடில் குரோமியம் 11 சதவீதம் அளவுக்குத்தான். 304-இல் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 409 விலை குறைவு, சூட்டையும் நன்றாகத் தாங்கும். ஆனால் கடற்காற்றில் அதன் மேல்பரப்பு சீக்கிரமே பழுப்பேறிவிடும். கையில் ஒரு காந்தம் இருந்தால் போதும். 409-இல் பச்சக்கென்று ஒட்டும். 304-இல் ஒட்டாது, வளைத்த இடங்களில் மட்டும் லேசாக இழுக்கலாம். விலை குறைந்த ரெடிமேட் செட்களில், பைப் 304-ஆகவும் டப்பாவின் உடம்பு வேறு கிரேடாகவும் இருப்பது உண்டு. டெயில் பைப் நுனியில் காந்தத்தை வைத்துப் பார்த்துத் திருப்திப்படாமல் ஃபிளாஞ்ச் (துண்டுகளைப் போல்ட் போட்டு இணைக்கும் தட்டு), ஹேங்கர் கம்பி, டப்பாவின் அடிப்பக்கம் எல்லாவற்றிலும் வைத்துப் பாருங்கள்.

304-க்கும் சாவில்லாத வரம் எதுவும் கிடையாது. உப்பு படிந்து அப்படியே காய்ந்தால் அதிலும் பழுப்புப் புள்ளி வரும். மாலிப்டினம் சேர்ந்த 316 இன்னும் நன்றாகத் தாங்கும். ஆனால் காருக்கு அந்தச் செலவு வேண்டாம் என்பது என் கருத்து. அடிப்பக்கத்தில் நல்ல தண்ணீரை அவ்வப்போது பீய்ச்சி அடித்தாலே 304 பிழைத்துக்கொள்ளும்.

இத்தனைக்குப் பிறகும் எந்த சைலன்சரும் ஒருநாள் பழுதாகத்தான் போகிறது. அப்போது யார் சரிசெய்வது? என் முடிவைத் தீர்மானித்தது இந்தக் கேள்விதான்.

நண்பர் ஒருவர் நல்ல ரெடிமேட் செட் ஒன்றை மாட்டியிருந்தார். அதில் பின் டப்பாவைத் தாங்கும் ஹேங்கர் கம்பி, வெல்டிங் வைத்து ஒட்டின இடத்தில் விரிசல் விட்டது. சின்னப் பழுது. ஆனால் அந்தக் கம்பி தனியாகக் கிடைக்கவில்லை, பின்பாதி முழுவதையும்தான் வாங்க வேண்டும் என்றார்கள், அதுவும் ஆர்டர் போட்டுக் காத்திருந்து. அவசரத்துக்குப் பக்கத்துக் கடையில் சாதாரண இரும்பு ராடு வைத்து ஒட்டினார்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் அந்த ஒட்டைச் சுற்றித் துரு படர்ந்துவிட்டது. அதற்காக அந்தக் கம்பெனியைக் குறை சொல்ல மாட்டேன். தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து உலகம் முழுக்க அனுப்பும் பொருளுக்கு ஒவ்வொரு கம்பியையும் தனியாக விற்க முடியாது.

என்னுடையது காலாப்பட்டுப் பக்கம் கோடு போடாத வேகத்தடை ஒன்றில் தட்டி நடுப்பைப் நசுங்கியது. ஃபிளாஞ்ச் போல்ட்டுகளைக் கழற்றி அந்தத் துண்டை மட்டும் பட்டறையில் கொடுத்தேன். அதே அளவு டியூபில் புதுத் துண்டு வெட்டி, ஒட்டி, மாலைக்குள் மாட்டிவிட்டார்கள். முழு நீளத்தையும் மூன்று துண்டாகப் பிரித்து, இடையில் ஃபிளாஞ்சும் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டும் வைக்கச் சொல்லியிருந்ததன் பலன் அது. கழற்றி மாட்ட முடியாத கஸ்டம் சைலன்சர் என்றால், கஸ்டம் செய்வதன் பாதிப் பயனை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இந்த வேலைக்கு நம் பகுதியைவிட நல்ல இடம் அமைவது அரிது. கடலூர் சிப்காட்டில் வரிசையாக ரசாயன ஆலைகள், நெய்வேலியில் அனல்மின் நிலையங்கள், புதுச்சேரியில் மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைகள். அமிலம் ஓடுகிற ஸ்டெயின்லெஸ் பைப்பையும் உயர் அழுத்த நீராவிக் குழாயையும் ஒட்டிப் பழகிய கைகள் இங்கே இருக்கின்றன. கார் அக்சசரி கடைக்காரரைவிட அப்படி ஒரு ஆர்கான் வெல்டரிடம்தான் (காற்று படாமல் ஆர்கான் வாயு விட்டு ஒட்டுபவர்) உங்கள் சைலன்சர் போய்ச் சேர வேண்டும்.

என்னுடையதைச் செய்த அண்ணன் முதல் நாளே சொன்னது: “தம்பி, பைப்புக்கு உள்ளயும் ஆர்கான் விட்டு ஒட்டணும். இல்லன்னா வெளிய ஒட்டு அழகா இருக்கும், உள்ள கருகிப் பொரிப்பொரியா நிக்கும்.” அதில்தான் சூட்சுமம் இருக்கிறது. உள்பக்கம் காற்றில் கருகிய ஒட்டில், துருவைத் தடுக்கிற குரோமியம் ஆக்சைடாக எரிந்து வீணாகியிருக்கும். நான் மேலே சொன்ன அமிலத் தண்ணீர் முதலில் கை வைப்பது அந்த இடத்தில்தான். இரண்டு முனையையும் அடைத்து உள்ளே ஆர்கான் விடுவதற்கு நேரமும் காஸும் கூடுதலாகப் பிடிக்கும். அதற்கான பணத்தைக் கேட்டால் மறுக்காமல் கொடுத்துவிடுங்கள். ஒட்டில் உருக்கிச் சேர்க்கிற ஃபில்லர் ராடும் பார்க்க வேண்டும்: 304-ஐ 304-உடன் ஒட்ட 308எல், பழைய 409 பைப்போடு இணைக்கும் இடத்தில் 309எல்.

ஆலை வேலை செய்பவர்களிடம் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் கைவசம் இருப்பது பெரும்பாலும் ஆலைப் பைப். ‘இரண்டு இன்ச்’ என்று கேட்டால் 60.3 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 2.77 மில்லிமீட்டர் கனமும் உள்ள பைப்பை எடுத்துவிடலாம். மீட்டருக்கு நாலு கிலோ கிட்ட வரும். நமக்கு வேண்டியது டியூப்: ஒன்றரை மில்லிமீட்டர் கனம், 57 மில்லிமீட்டர் விட்டம் என்றால் மீட்டருக்கு இரண்டு கிலோ சொச்சம்தான். எடை கூடினால் ரப்பர் ஹேங்கர்கள் சீக்கிரம் அறுந்துபோகும். வளைவுக்குப் பட்டறையில் பைப்பை நசுக்காமல் வளைக்கும் மெஷின் இல்லை என்றால் கவலைப்படாதீர்கள். பால் பண்ணைகளுக்கு வருகிற மெல்லிய 304 பைப் வளைவுகள் ரெடியாகவே கிடைக்கின்றன. அளவெடுத்து வெட்டி ஒட்டினால் உள்ளே காற்று தடங்கலில்லாமல் போகும்.

அப்புறம், சூட்டில் 304 நீளும். இரண்டரை மீட்டர் நீளம் 300 டிகிரி சூடேறினால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடும். பழைய பைப்பைவிட இது அதிகம். வண்டிக்கு அடியில் வைத்துப் புள்ளி ஒட்டு போடும்போதே ரப்பர்களை அதற்கேற்ற சாய்வில் விட்டு, பின் ஆக்சிலுக்கும் பைப்புக்கும் நடுவில் இடைவெளி தராவிட்டால், சூடானதும் ‘டக் டக்’ என்று தட்ட ஆரம்பித்துவிடும். டப்பாவின் மிகத் தாழ்ந்த இடத்தில் சின்னதாக ஒரு தண்ணீர் வடிகிற ஓட்டையும் கேளுங்கள். டப்பாவின் ஒரு முனையை ஒட்டாமல் போல்ட் போட்டு வைக்கச் சொன்னால் உள்ளே இருக்கிற கண்ணாடிப் பஞ்சை மாற்றிக்கொள்ளலாம். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கம் வண்டிகள் தண்ணீரில் நின்றதை மறந்திருக்க மாட்டோம். நனைந்த பஞ்சு எளிதில் காயாது, உள்ளேயே இருந்து உலோகத்தை அரித்துக்கொண்டிருக்கும். ரெடிமேட் டப்பாக்கள் பெரும்பாலும் முழுக்க ஒட்டி மூடியவை. அறுத்துத்தான் திறக்க வேண்டும்.

ரெடிமேட் தெளிவாக ஜெயிக்கும் ஒரு இடம் உண்டு: கேபினுக்குள் வருகிற ரீங்காரம். நாலு சிலிண்டர் என்ஜின் 2,400 ஆர்பிஎம்மில் நொடிக்கு 80 துடிப்பு விடுகிறது. அந்த அதிர்வோடு சைலன்சரும் கேபினும் ஒத்துப்போனால், ஈசிஆரில் ஒரே வேகத்தில் போகும்போது காதுக்குள் ஒரு கனம் உட்கார்ந்துவிடும். நல்ல கம்பெனிகள் இதை அளந்து, இந்த ரீங்காரத்தை அடக்கும் ரெசனேட்டர் டப்பாவின் கொள்ளளவை அதற்கேற்ப வைத்து அனுப்புகின்றன. பட்டறையில் அந்த அளவீடு கிடையாது. நடுவில் ரெசனேட்டர் ஒன்று கட்டாயம் வையுங்கள் என்று சொல்லலாம், என் வண்டியில் அது போதுமானதாக இருந்தது. உங்கள் வண்டியிலும் போதும் என்று உறுதி தர முடியாது. ரீங்காரம் வந்தால் மறுபடி பட்டறைக்குப் போய் மாற்றத் தயாராக இருக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்களும், இரண்டு மூன்று வருடத்தில் வண்டியை விற்க நினைப்பவர்களும் ரெடிமேடே வாங்கலாம். கழற்றித் தனியாக விற்றால் அதற்கு ஒரு விலை உண்டு. என்னுடையதை யாரும் வாங்க மாட்டார்கள். அது இந்த ஒரு வண்டியின் அளவு.

என்ஜினிலிருந்து புகையை வாங்கும் மேனிஃபோல்டு, டர்போவிலிருந்து இறங்கும் டவுன்பைப் இவற்றில் நான் கை வைக்கவில்லை. அங்கே சூடும் அழுத்தமும் வேறு மாதிரி. ஒட்டு விட்டால் கசிவு என்ஜினுக்குப் பக்கத்திலேயே. இந்தக் கட்டுரையில் பட்டறைக்குச் சொன்ன ஆதரவை அந்தப் பகுதிக்கு நீட்ட வேண்டாம்.

எதைச் செய்தாலும் கழற்றுகிற ஒரிஜினல், ஓட்டை விழாத நிலையில் இருந்தால், பழைய இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள். புதுச்சேரியின் பிஒய் நம்பர் வண்டியைக் கடலூர்க்காரருக்கு விற்றால் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, டிஎன்-31 நம்பருக்காக வண்டியை ஆர்டிஓ ஆபீசில் நேரில் காட்ட வேண்டியிருக்கும். அன்றைக்கு அடியில் ஒரிஜினல் இருப்பதுதான் நல்லது. உள்ளே தேங்கிய தண்ணீரை வடித்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, இரண்டு முனையிலும் எண்ணெய்த் துணி அடைத்துப் பரணில் ஏற்றிவிடுங்கள். பழைய ரப்பர்களையும் போல்ட்டுகளையும் ஒரு பையில் போட்டு அதனுடனேயே கட்டி வையுங்கள்.